கல்யாண வீடியோ ஏன் துள்ளுகிறது? ஃப்ரேம் ரேட் கோளாறுகளைத் தாளம் பார்த்துப் பிடிப்பது

கொழும்பில் ஒரு தமிழ்க் கல்யாண வீடியோவை எடிட் செய்ய உட்கார்ந்தால், கைக்கு வரும் கோப்புகள் எல்லாம் ஒரே ஃப்ரேம் ரேட்டில், அதாவது விநாடிக்கு இத்தனை படம் (ஃப்ரேம்) என்ற ஒரே கணக்கில், இருப்பது அபூர்வம். வாடகைக்கு எடுத்த பெரிய கேமராக்கள் விநாடிக்கு 25. ட்ரோன்காரர் வாங்கியபடியே மாற்றாமல் வைத்திருக்கும் 30. ரொறன்ரோவில் இருந்து வந்த பெரியப்பா மகனின் கைபேசி 60. பொம்பிளைத் தோழியின் கைபேசி ஏதோ ஓர் எண். அது நிமிடத்துக்கு நிமிடம் மாறும். இவ்வளவும் போதாதென்று "அம்மா அப்பாட கல்யாணத்தில இருந்தும் ரெண்டு நிமிசம் சேர்த்துவிடுங்கோ" என்று ஒரு பழைய கேசட். எல்லாவற்றையும் ஒரே டைம்லைனில், அதாவது கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டியில், போட்டால் எடிட்டிங் மென்பொருள் முறைப்பாடு சொல்லாது. வாங்கிக்கொள்ளும், எப்படியோ பொருத்தும், வெளியே தள்ளும். முறைப்பாடு பிறகு வாடிக்கையாளரிடம் இருந்துதான் வரும்.

இந்தக் கலப்புக்கு ஊர் மின்சாரமும் ஒரு காரணம். இலங்கையில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். தொலைக்காட்சி பிஏஎல் முறை, விநாடிக்கு 25 படம். வட அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், 30 படம். அங்கே 1953இல் வர்ண ஒளிபரப்புக்கு விதி வகுத்தபோது அந்த 30ஐ 29.97ஆகக் குறைத்தார்கள், அந்த அரைகுறை எண் இன்றுவரை நம் டைம்லைனுக்குள் வந்து தொல்லை தருகிறது. கைபேசிகளோ எந்த ஊரில் விற்றாலும் பெரும்பாலும் 30, 60 என்றே ஆரம்பிக்கின்றன.

60ஐ 30 ஆக்குவதும் 50ஐ 25 ஆக்குவதும் சுலபம்: ஒன்றுவிட்ட ஒரு ஃப்ரேமை எடுத்தால் போதும், அசைவு சீராகவே இருக்கும். சரியாக வகுபடாத இடத்தில்தான் வில்லங்கம். அங்கே மூன்றில் ஒன்றைக் கொடுத்தே ஆகவேண்டும். ஃப்ரேமைத் தூக்கி எறிந்தால் அசைவு துள்ளும். வேகத்தை மாற்றினால் நேரமும் ஒலியும் நீளும், சுருங்கும். இல்லாத ஃப்ரேமை மென்பொருள் கற்பனை செய்தால், கேமரா பார்க்காத ஒன்று திரையில் வரும். "எதுவும் இழக்காமல் மாற்றித் தருவோம்" என்று எந்த மென்பொருள் சொன்னாலும் நம்பவேண்டாம். ஒவ்வொரு கிளிப்பிலும் எதைக் கொடுக்கலாம் என்று தீர்மானிப்பதுதான் எடிட்டரின் வேலை.

கோளாறைப் பிடிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, துள்ளலின் தாளத்தைப் பார்ப்பது. விநாடிக்கு எத்தனை தடவை துள்ளுகிறது? ஒழுங்காகவா, கண்டபடியா? ஒழுங்காகத் துள்ளினால் அது கணக்குப் பிழை. கண்டபடி துள்ளினால் கைபேசியோ கணினியோ காரணம். இதைப் பார்க்கச் சரியான காட்சி வேண்டும்: முகத்தை நெருக்கத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஒரே வேகத்தில் பக்கவாட்டில் நகரும் ஏதாவது வேண்டும். வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் ஓரம் கேமராவை முக்காலியில் நிறுத்தி, கடற்கரை ரயில் திரையைக் குறுக்கே கடப்பதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல்களின் நிமிர்ந்த விளிம்பு ஒளிக்க இடம் தராது. புது மென்பொருள், புது அமைப்பு எதையும் முதலில் அந்த ரயிலில் சோதிக்கலாம்.

அத்தோடு மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள். கோப்பைத் திறந்தால் ஃப்ரேம் ரேட் என்ன, மாறாததா மாறுவதா, முழுப்படமா இன்டர்லேஸா (வரிவரியாகப் பிரித்த அரைப்படங்களா) என்று சொல்லிவிடும். இதைப் பார்க்காமல் டைம்லைன் திறக்கவே வேண்டாம்.

"அண்ணா, நல்லாத்தான் ஓடுது, ஆனா அடிக்கடி துள்ளுது"

விநாடிக்கு ஐந்து துள்ளல், ஒழுங்காக. பொம்பிளை மணவறையை நோக்கி நடந்து வரும்போது, அல்லது கேமரா மண்டபத்தைப் பக்கவாட்டில் வருடிக் காட்டும்போது நன்றாகத் தெரியும். 30இல் எடுத்த கிளிப் 25 டைம்லைனில் இருக்கிறது. விநாடிக்கு ஐந்து ஃப்ரேமை மென்பொருள் வீசிவிட்டது. ஆறில் ஒன்று போய்விட்டதால் அந்த இடத்தில் அசைவு இரட்டை அடி எடுத்து வைக்கிறது. மறுபக்கமும் இதே தாளம்தான்: 25 கிளிப் 30 டைம்லைனில் இருந்தால் ஐந்து ஃப்ரேம் இரண்டு தடவை வரும், துள்ளலுக்குப் பதிலாக விக்கல் போலத் தெரியும். எது எது என்று கண்ணால் பிரித்தறிவது கடினம். விஎல்சி ப்ளேயரில் நிறுத்திவிட்டு, விசைப்பலகையில் ஆங்கில 'ஈ' எழுத்தைத் தட்டித் தட்டி ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்துங்கள். ஒரு தட்டலில் எதுவும் அசையவில்லை என்றால் இரட்டித்த ஃப்ரேம். ஒரு தட்டலில் வழமையைவிட இருமடங்கு பாய்ந்தால் தொலைந்த ஃப்ரேம்.

முதல் கேள்வி: டைம்லைன் ஏன் 25? "இலங்கையில் அப்படித்தான்" என்பதுதான் பலருடைய பதில். தொலைக்காட்சி நிலையத்துக்குக் கொடுக்கும் வேலை என்றால் சரி, 25 வேண்டும். கல்யாண வீடியோவை யார் எதில் பார்க்கிறார்கள்? கைபேசியில், மடிக்கணினியில், யூடியூப்பில். அந்தத் திரைகளில் பெரும்பாலானவை விநாடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுபவை. 30ஐ அவை ஒவ்வொரு ஃப்ரேமையும் இரண்டு தடவை காட்டிச் சீராக ஓட்டும். 25ஐ 60க்குள் சமமாகப் பங்கிட முடியாது. சில ஃப்ரேம் இரண்டு தடவை, சில மூன்று தடவை என்று கலந்து வரும். ஆகவே வந்த கோப்புகளில் பெரும்பங்கு 30உம் 60உம் என்றால் டைம்லைனையும் 30 ஆக்குவதில் வெட்கம் எதுவும் இல்லை. பிரதான கேமராக்கள் 25 என்றால் 25இலேயே இருங்கள். தாலி கட்டும் நேரத்தைத் துள்ளவிட்டு ட்ரோன் காட்சியைக் காப்பாற்றுவதில் அர்த்தம் இல்லை. எது பெரும்பான்மை என்பதைவிட எது முக்கியம் என்பதைப் பாருங்கள்.

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளைப் பாவிப்பவர்களுக்கு: ப்ராஜெக்டுக்குள் கிளிப்புகளை இழுத்துப் போட்டபின் அதன் ஃப்ரேம் ரேட்டை மாற்ற விடமாட்டாது. முதல் கிளிப்பைப் போடும்போது "ஃப்ரேம் ரேட்டை மாற்றவா?" என்று அது கேட்கும் பெட்டியை வாசிக்காமல் தட்டிவிடுவதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது. அப்படி ஆகிவிட்டால் புது டைம்லைன் ஒன்றை உருவாக்கி, ப்ராஜெக்ட் அமைப்புகளைப் பின்பற்றாதே என்று அதில் குறித்து, வேறு ரேட் கொடுக்கலாம்.

டைம்லைன் தீர்மானமானபின் மிஞ்சும் பொருந்தாத கிளிப்புகளுக்கு வருவோம். பேச்சும் வாத்தியமும் இல்லாத காட்சிகளை, அதாவது ட்ரோன், மாலைகள், அலங்காரம், காலிமுகத்திடலில் எடுத்த வெளிப்படப்பிடிப்பு எல்லாவற்றையும் மெதுவாக்கி விடுங்கள். 30இல் எடுத்ததை 25இல் ஒவ்வொரு ஃப்ரேமாக ஓடவிட்டால் வேகம் 83.3 வீதமாகும், யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள், ட்ரோன் காட்சிக்கு அது அழகையும் சேர்க்கும். 60இல் எடுத்தது 41.7 வீதத்துக்கு இறங்கி நல்ல ஸ்லோமோஷன் ஆகும். பிரீமியரில் "இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜ்", ரிசால்வில் "கிளிப் அட்ரிபியூட்ஸ்" என்ற இடங்களில் இதைச் செய்யலாம். வேகத்தில் குத்துமதிப்பாக 50 வீதம் என்று போட்டுவிடாதீர்கள். 60இல் பாதி 30. அது 25 டைம்லைனில் மறுபடி அதே ஐந்து துள்ளலைக் கொண்டுவரும்.

ஒலியோடு ஒட்டியிருக்கும் கிளிப்பை மெதுவாக்க முடியாது. கெட்டிமேளம், வாழ்த்துரை, மாப்பிள்ளைத் தோழனின் பகிடி. இவற்றுக்கு ஆப்டிகல் ஃப்ளோ, அதாவது இல்லாத ஃப்ரேமை மென்பொருள் ஊகித்து வரையும் முறை. அதன் வில்லங்கம் கீழே தனியாக இருக்கிறது. ஒரு சின்ன ஆறுதல்: 60இல் எடுத்த கிளிப் 25 டைம்லைனுக்கு வந்தால் 30இல் எடுத்ததைவிட நன்றாக ஓடும். 60இல் இருந்து எடுக்கும்போது அடிகள் இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று, இரண்டு என்று விழும். ஏற்றத்தாழ்வு ஒரு விநாடியின் 60இல் ஒரு பங்கு மட்டும். 30இல் இருந்து எடுத்தால் ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று, திடீரென்று இரண்டு. ஆகவே வெளிநாட்டு உறவினர் முன்கூட்டியே கேட்டால் 60இல் எடுக்கச் சொல்லுங்கள்.

அரை நிமிடத்துக்கு ஒரே ஒரு துள்ளல்

இதை வாடிக்கையாளர் சொல்லவே மாட்டார், நாமே பிடிக்க வேண்டியது. 29.97 கிளிப் சரியாக 30 டைம்லைனில் இருந்தால் ஏறக்குறைய 33 விநாடிக்கு ஒரு ஃப்ரேம் இரட்டிக்கும். 59.94 கோப்பு 60இல் இருந்தால் அதில் பாதி நேரம், 17 விநாடிக்கு ஒன்று. டைம்லைனை 29.97 அல்லது 59.94 ஆக்கிவிட்டால் முடிந்தது. கிளிப்பை 30 என்று எண்ணிக்கொள் எனச் சொல்லியும் தீர்க்கலாம், வேக வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்றுதான். ஆனால் தனி ரெக்கோர்டரில் ஒலி எடுத்திருந்தால் அதையும் அதே அளவு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் ஒரு மணித்தியாலத்தில் 3.6 விநாடி விலகி நிற்கும், ஐயரின் வாய் அசைந்து முடிந்தபின்தான் மந்திரம் கேட்கும்.

"வாயும் பேச்சும் பொருந்துதில்லை, போகப்போக மோசமாகுது"

தொடக்கத்தில் பொருந்தி, பத்து நிமிடத்தில் விலகி, நடுநடுவே தாளமே இல்லாமல் துள்ளுகிறதா? கைபேசிக் கோப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். கைபேசி விநாடிக்கு 30 என்று சொன்னாலும் 29.6, 30.1, வெளிச்சம் குறைந்தால் 24 என்று அலையும். ஒவ்வொரு ஃப்ரேமும் எப்போது காட்டப்பட வேண்டும் என்று கோப்புக்குள் குறிப்பு இருப்பதால் கைபேசியிலேயே பார்க்கும்போது எல்லாம் சரியாகத் தெரியும். எடிட்டிங் மென்பொருள் அந்தக் குறிப்பைச் சரியாக மதிக்காமல் ஒரே சீராக அடுக்கினால் படமும் ஒலியும் பிரிகின்றன. மீடியாஇன்ஃபோவில் ஃப்ரேம் ரேட் மோட் என்ற வரியில் "வேரியபிள்" என்று இருக்கும். குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு எண்களும் தெரியும்.

எடிட்டுக்கு முன்பே ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு எடுங்கள். வீடியோ பகுதியில் ஃப்ரேம் ரேட்டைத் தேர்ந்து, கீழே "கான்ஸ்டன்ட்" என்பதைக் குறியுங்கள். "பீக்" என்பது அல்ல, அது மேல்வரம்பை மட்டும்தான் கட்டும். தரத்துக்கு ஆர்எஃப் 16 முதல் 18 வரை வைத்தால் இடைக்கோப்புக்குப் போதும்; எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் பருமனும் கூடும். இங்கே பலரும் சறுக்கும் இடம்: எப்படியும் மாற்றத்தானே போகிறோம் என்று நேராக 25 கொடுத்துவிடுவார்கள். வேண்டாம். 30ஐச் சுற்றி அலையும் கோப்பை 30 ஆகவே நிலைப்படுத்துங்கள். ஹேண்ட்பிரேக்குக்கு ஃப்ரேமை வீசவும் இரட்டிக்கவும்தான் தெரியும். 25க்கு இறக்கும் வேலையை, கிளிப்பைப் பார்த்துத் தீர்மானிக்கக்கூடிய எடிட்டிங் மென்பொருளுக்கு விட்டுவையுங்கள்.

வராமல் தடுப்பது இன்னும் நல்லது. ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ரெக்கோர்ட் வீடியோ என்று போனால் "பிஏஎல் வடிவங்களைக் காட்டு" என்ற ஆளி இருக்கும். போட்டால் விநாடிக்கு 25 என்ற தேர்வு வரும். அதே பக்கத்தில் இருக்கும் தானியங்கி எஃப்பிஎஸ் என்பதை அணைத்துவிடுங்கள். வரவேற்பு மண்டபத்தில் விளக்கை மங்கலாக்கி மாப்பிள்ளை பொம்பிளையை அழைத்து வரும்போது ஃப்ரேம் ரேட் சரிவதற்கு அதுதான் காரணம். ஆண்ட்ராய்டில் கைபேசிக்குக் கைபேசி இது வேறுபடும்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பிய கோப்பைக் கையில் எடுக்காதீர்கள். அது சுருக்கப்பட்ட நகல். "டொக்யூமென்ட்டாக அனுப்புங்கோ" என்று கேளுங்கள், அல்லது ஆளைக் கைபேசியோடு வரச்சொல்லிக் கேபிளில் இறக்குங்கள். கொழும்புக்குள் இருப்பவர் என்றால் இரண்டாவதுதான் விரைவு.

"தவில்காரர்ட கை ரெண்டாத் தெரியுது"

இரண்டு வெவ்வேறு நோய்கள் இந்த ஒரே வார்த்தையில் வரும். நிறுத்திப் பாருங்கள். இரண்டு கைகளும் பாதி மங்கலாக, ஒன்றின்மேல் ஒன்று ஆவி போல இருந்தால் ஃப்ரேம் பிளெண்டிங். பக்கத்துப் பக்கத்து ஃப்ரேம்களைக் கலந்து மென்பொருள் இடைவெளியை நிரப்பியிருக்கிறது. கை ஒன்றுதான், ஆனால் விரல்கள் உருகி வழிகின்றன, தவிலின் விளிம்பு வளைகிறது, பின்னால் நிற்பவரின் காது கையோடு இழுபடுகிறது என்றால் அது ஆப்டிகல் ஃப்ளோ. ஒவ்வொரு புள்ளியும் எங்கே நகர்கிறது என்று ஊகித்து இடைப்பட்ட ஃப்ரேமை அது வரைகிறது. ஊகம் பிழைத்தால் படம் ரப்பராகும்.

ஆப்டிகல் ஃப்ளோவுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மெதுவாக நகரும் கேமரா, தெளிவான விளிம்பு, ஒன்றையொன்று மறைக்காத பொருள்கள் இருந்தால் ஒரு பிசகும் தெரியாது. நம் கல்யாணவீடோ அதற்கு நேரெதிர். ஓமப்புகைக்கு விளிம்பே இல்லை. காஞ்சிபுரப் பட்டின் கரையில் ஒரே கட்டம் திரும்பத் திரும்ப வருவதால் எந்தக் கட்டம் எங்கே போனது என்று மென்பொருளுக்குப் பிடிபடாது. அட்சதை தூவும்போது நூற்றுக்கணக்கான மணிகள் ஒரே நேரத்தில் ஒரே நிறத்தில் பறக்கும். தவில் வித்துவானின் வலக்கை விரல்கள் ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததுக்கும் இடையில் எங்கோ போய்வந்துவிடும். இவற்றுக்கு ஆப்டிகல் ஃப்ளோவை அணைத்து, சாதாரண முறையிலேயே விட்டுவிடுங்கள். பிரீமியரில் அது ஃப்ரேம் சாம்ப்ளிங், ரிசால்வில் நியரெஸ்ட். வேகமான கையில் துள்ளல் கண்ணுக்குத் தெரியாது, உருகிய விரல் தெரியும்.

போட்டோக்காரரின் ஃபிளாஷ் தனிப் பிரச்சினை. ஒரே ஒரு ஃப்ரேம் வெள்ளையாகிறது. கலந்தாலும் ஊகித்தாலும் அந்த வெள்ளை பக்கத்து ஃப்ரேம்களுக்குக் கசியும். கிளிப்பை ஃபிளாஷுக்கு முன்னும் பின்னும் வெட்டி, நடுத்துண்டை மட்டும் நியரெஸ்டில் வையுங்கள். தாலி கட்டும் நேரம் ஆளுக்காள் ஃபிளாஷ் அடிப்பார்கள், அந்த ஒரு நிமிடத்துக்கு முழுவதுமே நியரெஸ்ட் போதும்.

ஒரு கிளிப்புக்குள் வெட்டு இருந்தாலும் இதே கதி. முடிந்த படத்தை 25இல் எக்ஸ்போர்ட் செய்து, பிறகு அதை முழுதாக 30 ஆக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு வெட்டிலும் பழைய காட்சி புதுக் காட்சிக்குள் உருகும், எழுத்துகள் நெளியும். மாற்ற வேண்டியது கிளிப்பை, படத்தை அல்ல. முடிந்த படம் மட்டும்தான் கையில் இருக்கிறது, வேறு வழியில்லை என்றால் எஃப்எஃப்எம்பெக் என்ற, கட்டளை தட்டச்சு செய்து ஓட்டும் மென்பொருளின் மின்டர்போலேட் ஃபில்டர் காட்சி மாற்றத்தைத் தானே கவனித்து அந்த இடத்தில் ஊகிக்காமல் விடும். நல்ல கருவிதான். ஆனால் ஆமை வேகம். இரவில் போட்டுவிட்டுப் படுக்க வேண்டிய வேலை.

சீப்புப் பல் போன்ற கோடுகள்

பழைய கேசட். முழு வட்டமாக அசையும் கையின் விளிம்பில் கிடைக்கோடுகள் சீப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காலக் கேமரா விநாடிக்கு 25 முழுப்படம் எடுக்கவில்லை. 50 அரைப்படம் எடுத்தது, ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்தில், இரட்டைப்படை வரிகள் அடுத்த கணத்தில். இரண்டையும் ஒரு ஃப்ரேமாக ஒட்டினால் சீப்பு.

டிஇன்டர்லேஸ் செய்யுங்கள், ஆனால் 25க்கு அல்ல, 50க்கு. ஒவ்வொரு அரைப்படத்தையும் ஒரு ஃப்ரேமாக விரிக்க வேண்டும். கேசட் வீடியோவுக்கு என்றே இருக்கும் அந்த வழுக்கும் அசைவு அங்கேதான் இருக்கிறது. 25 ஆக்கினால் பாதி போய்விடும். எஃப்எஃப்எம்பெக்கில் பிடபிள்யூடிஃப், ஹேண்ட்பிரேக்கில் டிகோம்ப் அல்லது யாடிஃப் தெரிவுகளில் "பாப்" என்று தேடுங்கள். விரித்தபின் படம் முன்னும் பின்னுமாக நடுங்கினால் அரைப்படங்களின் வரிசை தலைகீழ். மேல்வரி முதலா கீழ்வரி முதலா என்பதை மாற்றிப் பாருங்கள். பிஏஎல் DV (டிஜிட்டல் வீடியோ) கேசட்டுகளில் கீழ்வரிதான் முதல்; அவற்றுக்குப் பின்வந்த HDV கேசட்டுகளில் மேல்வரி.

இரண்டு எச்சரிக்கை. டிஇன்டர்லேஸ் செய்யும் முன் படத்தின் அளவை மாற்றாதீர்கள். வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. கனடாவில் இருந்து வந்த கேசட் என்றால் அது என்டிஎஸ்சி, 480 வரி, 59.94 அரைப்படம். முதலில் 59.94 முழுப்படமாக விரித்து, அதன் பிறகே 50க்கோ 25க்கோ இறக்க வேண்டும். கேசட்டை கடையில் கொடுத்து மாற்றுவதானால் "இன்டர்லேஸாவே தாங்கோ, நீங்க ஒண்டும் திருத்த வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நாதஸ்வரம் சுருதி ஏறி ஒலிக்கிறது

24இல் எடுத்ததை 25 என்று எண்ணி ஓட்டியிருக்கிறார்கள். படம் அப்பழுக்கில்லாமல் ஓடும், ஒரு ஃப்ரேமும் தொலையாது. வேகம் 4 வீதம் கூடும், ஒலி அரைச்சுரத்தின் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக மேலே போகும். பேச்சில் பலருக்குத் தெரியாது. சங்கீதம் தெரிந்த மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார், அவருக்குத் தெரியும். பிரீமியரில் மெயின்டெய்ன் ஆடியோ பிட்ச், எஃப்எஃப்எம்பெக்கில் ஏடெம்போ. சுருதி மாறாமல் நீளத்தை மட்டும் மாற்றும். கல்யாணத்துக்கு இந்த வழியை நான் விரும்புகிறேன். 4 வீதம் கூடிய வேகத்தில் நடந்து போகிறவர்களை யாரும் கவனிப்பதில்லை, துள்ளலையும் உருகலையும் கவனிக்கிறார்கள்.

மண்டப விளக்கில் படம் அலை அலையாக மினுங்குகிறது

ஃப்ரேம் ரேட் மாற்றியதால் வந்தது என்று நினைத்து மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். இது படம் பிடிக்கும்போதே வந்தது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ட்யூப் லைட்டும் மலிவான எல்ஈடியும் விநாடிக்கு 100 தடவை மங்கித் தெளிகின்றன. 30இல் எடுக்கும் கைபேசி ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வெளிச்சம் வாங்கும் நேரத்தை, விநாடியில் 60இல் ஒன்றாக வைத்தால் ஒவ்வொரு ஃப்ரேமும் வெவ்வேறு அளவு வெளிச்சத்தைப் பிடிக்கும், விநாடிக்குப் பத்துத் தடவை படம் மூச்சுவிடும். ஷட்டரை 50இல் ஒன்று அல்லது 100இல் ஒன்று என்று பூட்டினால், ஃப்ரேம் ரேட் 30ஆக இருந்தாலும் மினுக்கம் நின்றுவிடும். இதனால்தான் 30 டைம்லைனுக்கு வேலை செய்தாலும் கொழும்பில் ஷட்டர் 50இன் கணக்கில்தான் இருக்க வேண்டும். ரொறன்ரோவில் நடக்கும் கல்யாணத்துக்குக் கணக்கு 60, 120.

எடுத்தாயிற்று என்றால் மினுக்கத்தைக் குறைக்கும் டிஃபிளிக்கர் போடுங்கள், ஆனால் ஃப்ரேம் ரேட் மாற்றுவதற்கு முன்பு. மாற்றியபின் மினுக்கத்தின் தாளம் குலைந்துவிடும், டிஃபிளிக்கருக்கும் பிடிபடாது.

பகல் வெளிச்சத்தில் இதன் மறுபக்கம் இருக்கிறது. காலிமுகத்திடலில் மதிய வெயிலில் கைபேசி ஷட்டரை ஆயிரத்தில் ஒரு விநாடிக்கும் கீழே கொண்டுபோகும். ஒவ்வொரு ஃப்ரேமும் கத்தி போலக் கூர்மை, அசைவில் மங்கலே இல்லை, அதனால் ஃப்ரேம் ரேட் சரியாக இருந்தாலும் வெட்டி வெட்டிப் போவதாகத் தோன்றும். வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போட்டு ஷட்டர் வேகத்தை இறக்குங்கள், அல்லது மாலை ஐந்து மணிக்குப் போங்கள். ஆட்களும் அப்போதுதான் அழகாக இருப்பார்கள்.

"உங்கட கணினியில சரி, எங்கட ரீவியில துள்ளுது"

கோப்பை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்து, இரட்டித்ததோ தொலைந்ததோ இல்லை என்று உறுதி செய்துவிட்டீர்களா? அப்படியானால் திரைதான். 25 அல்லது 50 கோப்பை 60 ஹெர்ட்ஸ் திரையில் பார்த்தால் கொஞ்சம் இழுக்கும். எடிட் செய்யும் கணினியிலும் இதே கதைதான். திரை 50 ஹெர்ட்ஸை ஏற்குமானால் விண்டோஸில் மேம்பட்ட டிஸ்ப்ளே அமைப்புக்குப் போய் 50 ஆக்கிவிட்டுப் பாருங்கள். ரீவியில் ட்ரூமோஷன், மோஷன்ஃப்ளோ என்று கம்பனிக்கு ஒரு பெயரில் ஓர் அமைப்பு இருக்கும். அது ரீவிக்குள் இருக்கும் ஆப்டிகல் ஃப்ளோ, மேலே சொன்ன எல்லா ரப்பர் வேலையையும் நேரலையாகச் செய்யும். அணைக்கச் சொல்லுங்கள்.

எக்ஸ்போர்ட்டையும் ஒருதரம் பாருங்கள். டைம்லைன் 25, ஆனால் யாரோ செய்துவைத்த ப்ரீசெட் 30 என்று இருக்கும், கடைசிப் படியில் விக்கல் சேர்ந்துவிடும். யூடியூப் நீங்கள் ஏற்றிய ரேட்டையே வைத்திருக்கும், 24, 25, 30, 50, 60 எல்லாம் ஏற்கும். அதற்காக எதையும் மாற்றத் தேவையில்லை.

ஒரு ஃப்ரேமும் பிழையில்லை, எல்லாத் திரையிலும் கண்டபடி நின்று நின்று ஓடுகிறது என்றால் கருவிக்குச் சக்தி போதாது. 4கே, விநாடிக்கு 60, எச்.265 முறையில் சுருக்கிய கோப்பைப் பழைய மடிக்கணினியால் விரிக்க முடியாது. யூனிட்டி பிளாசாவில் கிராபிக்ஸ் கார்ட் விலை கேட்பதற்கு முன் ப்ராக்ஸி, அதாவது எடிட்டுக்கு மட்டும் பாவிக்கும் சின்ன நகல், போட்டு எடிட் செய்து பாருங்கள். வாடிக்கையாளரின் பென்ட்ரைவுக்கு 1080, எச்.264 நகல் ஒன்று கொடுத்துவிட்டால் ரீவிக்கும் நிம்மதி. ஃபேட்32 பென்ட்ரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

வேறு யாரோ ஏற்கெனவே மாற்றிக் கெடுத்த கோப்பு

மீடியாஇன்ஃபோ 30 என்கிறது. நகர்த்திப் பார்த்தால் ஐந்து ஃப்ரேம் அசைந்து ஆறாவது நிற்கிறது. இது 25இல் பிறந்து 30 ஆக்கப்பட்ட கோப்பு. இதை மறுபடி 25 டைம்லைனில் போட்டால் மென்பொருள் எந்த ஃப்ரேமை வீசும் என்பது அதிர்ஷ்டம். இரட்டித்ததை விட்டுவிட்டு நல்லதை வீசிவிடலாம். எஃப்எஃப்எம்பெக்கின் டெசிமேட் ஃபில்டர் ஒவ்வொரு கட்டிலும் இரட்டித்த ஒன்றைத் தேடி எடுத்துவிடும். ஆனால் அது தானாக எடுத்துக்கொள்ளும் கட்டின் அளவு ஐந்து, அது 30இல் இருந்து 24க்கு. நமக்கு 25 வேண்டும் என்பதால் சைக்கிள் என்ற இடத்தில் ஆறு கொடுங்கள். சரியாக அமைந்தால் பிறந்தபோது இருந்த 25 ஃப்ரேமும் அப்படியே திரும்பி வரும், ஒலியையும் தொடவேண்டியதில்லை.

கலந்த ஃப்ரேம்கள் இருந்தால் இந்த வழி பலிக்காது. ஆவிக் கை இருக்கும் கோப்பில் எது பிறவி, எது சேர்ந்தது என்று பிரிக்க முடியாது. அப்போது ட்ரோன்காரருக்கோ வீடியோக்காரருக்கோ தொலைபேசி எடுத்து, மெமரி கார்டை ஃபார்மட் செய்துவிட்டாரா என்று கேளுங்கள். அடுத்த முகூர்த்த நாளுக்கு முன் கேட்பது நல்லது.